சாவி, பத்திரம், சங்கம்: அரசு குடியிருப்பில் இருப்பவர்கள் எதைக் கேட்பது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாகர்கோவிலில் பழைய அரசு குடியிருப்பு ஒன்றில் இருக்கும் என் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். மாடிப்படிக்குக் கீழே பத்துப் பதினைந்து பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். கட்டடம் பழசாகிவிட்டது, கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. குடியிருக்கிறவர்களுக்கே வீட்டை விற்றுவிடலாம் என்று ஒரு பேச்சு. மொத்தக் குடியிருப்பையும் வேறோர் அமைப்பிடம் ஒப்படைத்துவிடலாம் என்று இன்னொரு பேச்சு. இப்போது போலவே வாடகை கட்டிக்கொண்டு இருந்துவிடுவோம் என்பது வயதானவர்களின் விருப்பம். என்னைப் பார்த்ததும் பெரியம்மா கேட்டார்: "மக்ளே, சாவி நம்ம கையிலதான இருக்கு. அம்பது வருசம் இருந்தாச்சு. இனி யாரு வந்து எறங்கச் சொல்லுவா? பத்திரம் எதுக்கு?"

20 வருடமாகப் பத்திரம் எழுதும் தொழிலில் இருக்கிறேன். இந்தக் கேள்வியை வேறு வேறு வாய்களில் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்த மாடிப்படியில் பாதிதான் பதில் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த 50 வருடக் கணக்கு. "முப்பது வருசம் இருந்தா நமக்கே சொந்தம்" என்று நம் ஊரில் பரவலாக நம்புகிறார்கள். 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தில் 12 வருடம், 30 வருடம் என்ற கணக்கெல்லாம் இருப்பது உண்மைதான். தனியார் சொத்துக்கு 12, அரசு சொத்துக்கு 30. ஆனால் அது உரிமையாளருக்கு எதிராக, "இது என்னுடையது" என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு வைத்திருந்த இடத்துக்கு. வாடகை ரசீது வாங்கிக்கொண்டு இருப்பவர், இன்னொருவருடைய வீட்டில் அவருடைய அனுமதியோடு இருக்கிறேன் என்று ஒவ்வொரு மாதமும் எழுதிக் கொடுக்கிறார். 50 வருடம் வாடகை கட்டியதற்கு அத்தாட்சி இருந்தால், 50 வருடம் வாடகைக்காரராக இருந்ததற்கு அத்தாட்சி இருக்கிறது என்று பொருள். அதைக் காட்டிச் சொந்தம் கொண்டாட முடியாது.

கட்டடத்தைப் பார்க்கும் முன் மண்ணைப் பாருங்கள்

வாங்குவதா, வேறோர் அமைப்பிடம் விடுவதா என்று பேசுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தை முடித்துவிட வேண்டும். அந்தக் கட்டடம் நிற்கிற நிலம் யாருடையது? அரசு வாரியம் கட்டிய வீடு என்றால் நிலமும் வாரியத்துடையது என்று நினைத்துவிடுகிறோம். பல இடங்களில் அப்படித்தான். ஆனால் நிலம் நகராட்சி பெயரிலோ வேறொரு துறையின் பெயரிலோ புறம்போக்காகவோ இருந்து, கட்டடம் மட்டும் இன்னொருவருடையதாக இருக்கவும் கூடும். தன்னிடம் இல்லாததை யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது. நிலம் முறையாக மாற்றப்படாமல் விற்பனை என்று பேசுவதில் பயனில்லை.

குமரி மாவட்டத்தில் இந்த வேலை கொஞ்சம் கூடுதல். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர் பகுதி. மூலப்பத்திரத்தைத் தேடிப் பின்னால் போனால், மலையாளத்தில் எழுதி, கொல்லம் ஆண்டு போட்ட பிரமாணம், அதாவது பழைய பத்திரம், கையில் வரும். 1110 என்று இருந்தால் 825ஐக் கூட்டிப் பாருங்கள்: 1935 வாக்கில். மலையாளம் வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நானே பல மூலப்பத்திரங்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்கு அகப்படாத சர்வே எண், பாதி அழிந்த எல்லை என்று அதில் வருகிற சிக்கலை இப்போதே தீர்க்க வேண்டும். வீட்டை வாங்கிய பிறகு அது உங்கள் தலையில் விழும்.

இன்னொன்று குளம். நம் மாவட்டத்தில் குளத்துக்கும் கால்வாய்க்கும் பஞ்சமில்லை. குடியிருப்பின் ஒரு பகுதி குளத்துப் புறம்போக்கில் இருந்தால் பட்டா என்ற பேச்சுக்கே வழியில்லை. குளங்களைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. நீர்நிலை விஷயத்தில் நீதிமன்றங்களும் இறங்கி வருவதில்லை. ஆகவே ஈசி என்கிற வில்லங்கச் சான்றை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பதிவான பத்திரங்களைத்தான் அது காட்டும். நிலத்தின் வகையைச் சொல்லாது. தாலுகா அலுவலகத்தில், நிலத்தின் வகையைக் குறித்திருக்கும் அ-பதிவேட்டையும் எல்லையைக் காட்டும் புலப்படத்தையும் பார்க்க வேண்டும்.

வாடகைக்காரராகவே இருப்பது

இதைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை. ஒழுகுகிற கூரையைச் சரிசெய்வது, தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்க் குழாய் எல்லாம் வீட்டைக் கட்டிய அமைப்பின் பொறுப்பு. வயதான தனி ஆளுக்கு, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு, இதுவே நிம்மதி. வாடகையும் வெளியே உள்ளதைவிடக் குறைவு.

ஆனால் சட்டப் பாதுகாப்பு மெலிதானது. வீட்டுக்காரர்-வாடகைக்காரர் உறவை ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அரசுக்குச் சொந்தமான கட்டடங்கள் அதற்குள் வராது. அரசு இடத்திலிருந்து ஒருவரை வெளியேற்றத் தனிச் சட்டங்கள் இருக்கின்றன. அவை சாதாரண சிவில் வழக்கைவிட வேகமானவை. அதற்காக ஒரே இரவில் சாமானைத் தூக்கி வெளியே வைத்துவிட முடியும் என்று அர்த்தமில்லை. நோட்டீஸ் தர வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், பதிலைக் கேட்க வேண்டும். எதிர்த்தரப்பு அரசு என்பதாலேயே உங்களுக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது: 2004 முதல் மதுரையில் இயங்கும் உயர் நீதிமன்றக் கிளையில், அரசின் செயலை எதிர்த்துக் கேட்கும் ரிட் மனு போடலாம். இந்தக் கதவைப் பற்றி இன்னொரு முறை பேச வேண்டியிருக்கும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை வீட்டில் பெரிய ஓட்டை, ஆள் இறந்த பிறகு. ஒதுக்கீடு அப்பா பெயரில் என்றால், அவருக்குப் பிறகு அது தானாகப் பிள்ளைகளுக்கு வராது. ஒதுக்கீட்டு விதிப்படி பெயர் மாற்றம் கேட்டு வாங்க வேண்டும். இறந்து பத்து வருடம் ஆன பிறகும் அவர் பெயரிலேயே வாடகை கட்டிக்கொண்டு, "ரசீது வருதுல்லா" என்று இருக்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும். விற்பனை அறிவிப்பு வரும் நாளில் இவர்கள்தான் பட்டியலுக்கு வெளியே நிற்பார்கள்.

துப்புரவுப் பணியாளர் குடியிருப்பு, அரசு ஊழியர் குவார்ட்டர்ஸ் இதைவிட மோசம். அங்கே வீடு வேலையோடு கட்டப்பட்டது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. மூன்று தலைமுறையாக அதே தெருவைப் பெருக்கி, அதே வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்த குடும்பத்துக்கு, ஓய்வு பெற்ற மாதத்தில் காலி செய்யச் சொல்லி ஓலை வருவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அவர்களுக்கு வாடகைக்காரராக இருப்பது என்ற வழியே இல்லை. வேலையிலிருந்து வீட்டைப் பிரித்து, பட்டாவோ கிரயமோ கேட்பதுதான் அவர்கள் முன்னால் உள்ள ஒரே வழி.

வீட்டை வாங்கிக்கொள்வது

என் மனம் சாய்வது இந்தப் பக்கம்தான். ஆனால் எல்லா வீட்டுக்கும் இல்லை.

அரசு வீடு பெரும்பாலும் ஒரே நாளில் கைமாறுவதில்லை. ஒதுக்கீட்டு ஆணை, முன்பணம், பிறகு மாதத் தவணை, எல்லாம் தீர்ந்த பிறகு கிரயப் பத்திரம். நடுவில் இருக்கிற காகிதத்துக்குக் குத்தகையுடன் கூடிய விற்பனை ஒப்பந்தம் என்று பெயர். அந்தப் பெயரிலேயே விஷயம் இருக்கிறது. கடைசித் தவணை கட்டிக் கிரயம் பதிவாகும் வரை நீங்கள் குத்தகைதாரர்தான். 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றச் சட்டம், விற்பனை ஒப்பந்தம் மட்டும் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்று தெளிவாகச் சொல்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல், தவணை பாக்கி இருக்கும்போதே "பவர்" எழுதி வீட்டை விற்கிறார்கள். அதையும் நம்பி வாங்குகிறார்கள். பவர் பத்திரத்தாலும் விற்பனை ஒப்பந்தத்தாலும் சொத்து கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சூரஜ் லேம்ப் வழக்கில் சொல்லிவிட்டது. அப்படி வாங்கி இன்று அரசு குடியிருப்பில் இருக்கிறவர்கள், விற்பனை என்று வரும்போது தங்கள் பெயருக்குக் கேட்க முடியாமல் திண்டாடுவார்கள். முதல் ஒதுக்கீட்டுதாரரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவர் இறந்திருந்தால் வாரிசுகளை.

தவணையைத் தீர்த்துவிட்டால் போதும் என்பதும் தவறு. என் அப்பா அப்படித்தான் இருந்தார். கடைசித் தவணை கட்டியதும் ரசீதுகளைப் பிஸ்கட் டின்னில் போட்டு மூடினார். பத்திரச் செலவு கையில் வந்ததும் பதிவு செய்யலாம் என்று தள்ளிப்போட்டார். அவர் போன பிறகு நாங்கள் நான்கு பேர் சேர்ந்து வாரிசுச் சான்று வாங்கினோம். அலுவலகத்தில் கணக்குப் புத்தகத்தைக் காணவில்லை என்றார்கள். டின்னைத் திறந்து ஒவ்வொரு ரசீதாக நாங்களே நிரூபித்தோம். தம்பி கல்ஃபில் இருந்தான். அவன் அங்கே இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு பவர் அனுப்பி, அது இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டியாக வேண்டும். ஒரே நாளில் அப்பா செய்திருக்கக்கூடிய வேலைக்கு எங்களுக்கு இரண்டு வருடம் போனது. நான் பத்திரத் தொழிலுக்கு வந்ததற்கே அந்த அலைச்சல்தான் காரணம்.

செலவைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். மதிப்பு 8 லட்சம் என்றால் 56,000 ரூபாயும் 16,000 ரூபாயும், ஆக 72,000 ரூபாய். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. அப்போது 64,000 ரூபாய். வீட்டு விலையை மட்டும் கணக்கிட்டுக் கடன் வாங்கிவிட்டு, இந்தத் தொகைக்கு நகையை அடகு வைக்கிறவர்களைப் பார்க்கிறேன். இதை முதலிலேயே கணக்கில் சேருங்கள்.

விலை பற்றி ஒரு எச்சரிக்கை. ஒதுக்கீட்டு ஆணையில் தற்காலிக விலை என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். நிலம் எடுத்தபோது நிலச் சொந்தக்காரர்கள் நீதிமன்றம் போய் இழப்பீட்டைக் கூட்டி வாங்கியிருந்தால், அந்தச் சுமை இறுதி விலை என்ற பெயரில் ஒதுக்கீட்டுதாரர் மேல் வரும். பத்திரம் பதியும்முன் இறுதி விலையை எழுத்தில் வாங்குங்கள். வட்டித் தள்ளுபடித் திட்டம் ஏதும் அறிவிக்கப்பட்டிருந்தால் அதன் கடைசித் தேதியைத் தவறவிடாதீர்கள்.

தனி மனையில் நிற்கிற வீடு என்றால் நான் யோசிக்கவே மாட்டேன்: வாங்குங்கள், பட்டா மாற்றுங்கள், நிம்மதியாக இருங்கள். அடுக்கு வீடு வேறு கதை. அங்கே நீங்கள் வாங்குவது நான்கு சுவரும், நிலத்தில் பிரிபடாத ஒரு பாகமும். பத்திரத்தில் அந்தப் பாகம் எத்தனை சதுர அடி என்று எண்ணாலும் எழுத்தாலும் இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். 50 வருடக் கட்டடத்தில் சுவருக்கு விலை இல்லை. நாளைக்குக் கட்டடத்தை இடித்தால் உங்கள் கையில் மிஞ்சுவது அந்தப் பாகம் மட்டும்தான்.

இடிப்பது பற்றிய சட்டமும் மாறியிருக்கிறது. 1994ஆம் ஆண்டு அடுக்குமாடிச் சட்டத்தின் காலத்தில், மறுகட்டுமானம் என்றால் எல்லா உரிமையாளரும் சம்மதிக்க வேண்டியிருந்தது. ஒருவர் முரண்டு பிடித்தாலும் முட்டுக்கட்டை. இப்போது 2022ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடப்புக்கு வந்திருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒத்துக்கொண்டால் போதும். இது நல்லது. அதே சமயம் அந்த மூன்றில் ஒரு பங்கில் நீங்கள் இருந்தால் என்ன ஆகும் என்றும் யோசித்துக்கொள்ளுங்கள். பாதிப் பேர் வாங்கி, பாதிப் பேர் வாடகையில் இருக்கும் குடியிருப்புதான் மிகவும் மோசம். வாடகைக்கு விட்ட வீடுகளுக்கெல்லாம் பழைய அமைப்பே உரிமையாளராக நிற்கும். எந்த ஓட்டெடுப்பிலும் அதன் கை ஓங்கியிருக்கும். அடுக்கு வீட்டில் இருக்கிறவர்கள் வாங்கினால் ஒட்டுமொத்தமாகச் சேர்ந்து வாங்குங்கள்.

யாருக்குப் போய்ச் சேரும்?

கிரயம் பதிந்த நிமிடத்திலிருந்து அந்த வீட்டின் மேல் ஒதுக்கீட்டு விதியின் பிடி விட்டுவிடுகிறது. உங்கள் காலத்துக்குப் பிறகு அது யாருக்கு என்பதை வாரிசுரிமைச் சட்டம் தீர்மானிக்கும். வாடகைக்கும் சொந்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் இதுதான் பெரியது என்பது என் எண்ணம்.

பெரியம்மா வீடு கிறிஸ்தவக் குடும்பம். நம் மாவட்டத்துக் கிறிஸ்தவப் பெண்களுக்கு இதில் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. 1916ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்க் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் அப்பா இறந்தால் மகளுக்குக் கிடைப்பது மகன் பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. 1986இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை முடித்து வைத்தது: பழைய திருவிதாங்கூர்ப் பகுதியிலும் 1951 ஏப்ரல் 1 முதல் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் செல்லும், மகனும் மகளும் சமம். ஆனாலும் "பொம்பளப் பிள்ளைக்கு சீதனம் கொடுத்தாச்சுல்லா" என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அரசு வீட்டை மகன் பெயருக்கு மாற்றும்போது மகள்களிடம் ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இல்லாமல் அந்தத் தாளுக்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை. மகள்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன்: என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வேறோர் அமைப்பிடம் போவது

இதைத்தான் அந்த மாடிப்படிக் கூட்டத்தில் எல்லோரும் லேசாக எடுத்துக்கொண்டார்கள். "யார் கைக்குப் போனா என்ன, நாம இங்கதான இருக்கப் போறோம்" என்றார் ஒருவர். அங்கேதான் சட்டம் கையை விரிக்கும் இடம் இருக்கிறது.

உங்களிடம் இருப்பது குத்தகையா, வெறும் உரிமமா? குத்தகை என்றால் நிலத்தில் உங்களுக்கு ஓர் உரிமை உண்டு. உரிமையாளர் மாறினாலும் புதியவர் அதற்குக் கட்டுப்பட்டவர். உரிமம் என்பது ஒருவர் தன் இடத்தில் உங்களை இருக்க விடுவது. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவு சொல்வது: உரிமம் கொடுத்தவர் சொத்தை வேறொருவருக்கு மாற்றினால், வாங்கியவரை அந்த உரிமம் கட்டுப்படுத்தாது. 50 வருடம் இருந்தவராக இருந்தாலும் புதிய அமைப்பின் கண்ணில் நீங்கள் முந்தாநாள் வந்தவர்தான். காகிதத்தின் தலைப்பில் உரிமம் என்று போட்டிருந்தாலும் உள்ளடக்கம்தான் முக்கியம் என்று 1959இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அதை நிரூபிக்க வழக்குப் போட்டு வருடக்கணக்கில் அலைய வேண்டும். மாற்றம் நடக்கும்முன் குத்தகையாக எழுதிப் பதிவு செய்துகொள்வது எவ்வளவோ மேல். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும்.

எந்த அமைப்பு என்பதும் முக்கியம். நகராட்சியிடமிருந்து நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்குப் போகிறது என்றால், அதுவும் அரசு அமைப்புதான். 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021இல் பெயர் மாறிய வாரியம் அது. முன்பு சொன்ன மதுரைக் கதவும் தகவல் உரிமைச் சட்டமும் அங்கேயும் செல்லுபடியாகும். கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் என்றால் கணக்கு மாறுகிறது. 1983ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் அது உறுப்பினர்களுடைய அமைப்பு. நீங்களும் பங்குதாரர், ஓட்டுப் போடலாம், கேள்வி கேட்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சாதாரணமாகக் கூட்டுறவுச் சங்கம் மீது ரிட் போட முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் பெரிய அமர்வு 2006இல் சொன்னது. கூட்டுறவுச் சங்கங்கள் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும் பொது அதிகார அமைப்பு அல்ல என்று கேரளத்துத் தலப்பாலம் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னது. சங்கத்துக்குள் தகராறு என்றால் பதிவாளரிடம்தான் போக வேண்டும். தேர்தல் நடக்காத காலத்தில் தனி அலுவலர் நிர்வாகம் வரும். அப்போது உங்கள் ஓட்டுக்கு வேலையே இல்லை. சங்கத்தை நடத்த உங்கள் குடியிருப்பில் நாலு பேர் உழைக்கத் தயார் என்றால் மட்டும் இந்த வழிக்குப் போங்கள்.

குடியிருப்போர் நலச் சங்கம் இதோடு சேராது. 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிந்து, பராமரிப்பை மட்டும் பார்ப்பது அது. மோட்டார், விளக்கு, குப்பை, தண்ணீர் எல்லாம் அதன் வேலை. வாழ்விட வாரியக் குடியிருப்புகளில் நம் குடியிருப்பு நம் பொறுப்பு என்ற திட்டம் இப்படிப்பட்ட சங்கங்களைத்தான் ஊக்கப்படுத்துகிறது. நிலமோ கட்டடமோ கைமாறாது. எந்த வழியைத் தேர்ந்தாலும் இது ஒன்றைத் தொடங்கிவிடுங்கள். பேச்சுவார்த்தைக்கு ஒரே குரலில் போக உதவும்.

தனியார் கட்டுநர் வந்து இடித்துக் கட்டித் தருகிறேன் என்றால், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு எண் இருக்கிறதா, மாற்று வீட்டு வாடகை யார் தருகிறார்கள், திரும்பி வரும் வீட்டின் அளவு பத்திரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் காலி செய்யாதீர்கள்.

இங்கிலாந்தில் இதே விஷயத்தில் எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்வது பிரயோஜனம். 1980ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தால், 3 வருடம் குடியிருந்த நகரசபை வாடகைக்காரர் தள்ளுபடி விலையில் வீட்டை வாங்கும் உரிமை பெற்றார். 20 லட்சம் அளவுக்கு வீடுகள் அப்படிக் கைமாறின. அடுக்கு வீட்டை வாங்கியவர்களுக்குப் பொதுவாகக் கிடைத்தது 125 வருடக் குத்தகை. கட்டடமும் மண்ணும் சபையிடமே. பிறகு கூரை மாற்றும்போது பெரிய தொகைக்குப் பில் வந்து பலர் தவித்தார்கள். வாடகைக்கு விடப் பொது வீடுகள் குறைந்துபோய், ஸ்காட்லாந்து 2016இலும் வேல்ஸ் 2019இலும் அந்த உரிமையையே நிறுத்திவிட்டன. மொத்தக் குடியிருப்பையும் வேறு அமைப்புக்கு மாற்றும்போது வாடகைக்காரர்களைக் கேட்டாக வேண்டும்; பெரும்பான்மை எதிர்த்தால் அமைச்சர் அனுமதி தரக் கூடாது என்று அங்கே சட்டம். 2002இல் பர்மிங்காம் வாடகைக்காரர்கள் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டார்கள், மாற்றம் நின்றது. அதே வருடம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் சரி என்றார்கள், மாற்றம் நடந்தது. நமக்கு அப்படி ஓட்டெடுப்பைக் கட்டாயமாக்கும் பொதுச் சட்டம் இல்லை. அதனால்தான் மாற்றப் பத்திரத்திலேயே நம் உரிமையை எழுத வைக்க வேண்டும் என்று சொல்கிறேன்: வாடகையை எப்படி உயர்த்துவார்கள், வாரிசுக்கு வீடு உண்டா, பின்னால் வாங்கும் உரிமை தொடருமா. வாய்வார்த்தை புதிய அமைப்பைக் கட்டுப்படுத்தாது.

மலையும் கடலும்

கீரிப்பாறை, கோதையாறு பக்கம் அரசு ரப்பர் கழகத் தோட்டங்களில் இருக்கிறவர்களுக்கு மேலே சொன்னது பெரும்பாலும் பொருந்தாது. வீடு கழகத்துடையது என்றாலும் மண் காட்டு நிலம். 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் அதை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற முடியாது. கிரயம் கிரயம் என்று அங்கே அலைவதில் ஆயுள் போய்விடும். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு தருவதை முதலாளியின் கடமையாக்கியது. வேலை முடிந்த பிறகு என்ன என்ற கேள்வியை அது விட்டுவிட்டது. பக்கத்து மாவட்டத்து மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் 2024இல் நடந்ததைப் பார்த்தோம்: நான்கு தலைமுறை இருந்தவர்களையும் இறங்கச் சொன்னார்கள். மலையில் இருக்கிறவர்கள் வேலையில் இருக்கும்போதே கீழே, காட்டுக்கு வெளியே வீட்டுமனைப் பட்டா கேட்டு விண்ணப்பிப்பதுதான் புத்திசாலித்தனம்.

கடற்கரையில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று 2004 சுனாமிக்குப் பிறகு எழுந்த வீடுகள் இன்னொரு வகை. தொண்டு நிறுவனங்கள் கட்டின, அரசு ஒப்படைத்தது. அப்போதைய மறுவாழ்வுக் கொள்கை வீட்டைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் கொடுக்கச் சொன்னது. அது அருமையான முடிவு. கையில் உள்ள காகிதம் ஒப்படைப் பட்டாவா, நிறுவனம் கொடுத்த வெறும் சாவி ஒப்புதலா என்று பாருங்கள். நிலத்தை வாங்கியவர் பெயரிலேயே மூலப்பத்திரம் நின்றால் அதை முதலில் நேராக்க வேண்டும். பட்டாவின் பின்பக்க நிபந்தனைகளையும் வாசியுங்கள். விற்கத் தடை உள்ள காலத்தில் ஒற்றிக்கு விட்டாலும் சிக்கல்.

இனி பெரியம்மா விஷயம். அவர் குடியிருப்பு நிற்பது வாரியத்தின் சொந்த நிலத்தில்; அ-பதிவேட்டில் பார்த்துவிட்டேன். அந்த 16 வீட்டில் 3 பேர் பவரில் வாங்கியவர்கள், 2 வீடு இறந்தவர்கள் பெயரில். பெரியம்மா வீடு அந்த இரண்டில் ஒன்று. ஒதுக்கீடு இன்னும் பெரியப்பா பெயரில் இருக்கிறது. அமைப்பு மாற்றத்துக்கு இப்போது சம்மதம் தர வேண்டாம், இந்த ஐந்தையும் நேராக்கிய பிறகு 16 பேரும் சேர்ந்து கிரயம் கேட்கலாம், ஒவ்வொரு பத்திரத்திலும் பிரிபடாத பாகத்தின் அளவு இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். பத்திரம் தன் பெயரில் இருக்கட்டும், தனக்குப் பிறகு மூன்று பிள்ளைகளுக்கும் சமம் என்று பெரியம்மா சொன்னார். மகன் கொஞ்சம் முகம் சுளித்தான். வாரிசுச் சான்று மனுவில் இரண்டு மகள்களின் பெயரும் இருக்கிறதா என்று அவர் தானே விரல் வைத்து வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.